கணக்கேடும் கலயமும்

எசெக்ஸ் மாவட்டத்தின் ராட்விண்டர் என்னும் சிற்றூரில் திருச்சபைக் குருவாக இருந்தவர் வில்லியம் ஹாரிசன். அவர் எழுதிய 'இங்கிலாந்து வருணனை' 1577-இல் வெளிவந்து, 1587-இல் விரிவு பெற்றது. அரசரையும் ஆயர்களையும் சாலைகளையும் சந்தைகளையும் வருணித்துக்கொண்டு செல்லும் அந்நூலில், எதிர்பாராத ஓரிடத்தில் ஆசிரியர் வீட்டுச் சமையற்கட்டின் கதவு திறக்கிறது. மாதம் ஒருமுறை அவருடைய மனைவியும் பணிப்பெண்களும் வீட்டுக்கு வேண்டிய பீரைக் காய்ச்சுகின்றனர். எட்டு புஷல் மால்ட் வீட்டுத் திரிகையிலேயே அரைபடுகிறது. ஆலைக்காரனுக்குக் கொடுக்கும் கூலி மிச்சம். அதனுடன் அரைப் புஷல் கோதுமை மாவும் அதே அளவு ஓட்ஸ் மாவும், எது எதுவென்று பிரித்தறிய இயலாதபடி கலக்கப்படுகின்றன. எண்பது கேலன் நீர் கொதிக்கவைத்து அதன்மீது மெல்ல ஊற்றப்படுகிறது. சாறு வடிந்தபின் அதே தானியத்தின்மீது இரண்டாம் நீர். பின்னர் மூன்றாம் நீர். வடித்த சாறு ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூவுடன் கோடையில் இரண்டு மணி நேரமும் குளிர்காலத்தில் ஒன்றரை மணி நேரமும் கொதிக்கிறது. கடைசிச் சாற்றுக்கு ஹாப்ஸ் ஒன்றரை ராத்தலா, இரண்டு ராத்தலா என்பது பூவின் தரத்தைப் பார்த்து அம்மையார் தீர்மானிப்பது. முடிவில் இருபது ஷில்லிங் செலவில் இருநூறு கேலன் பீர் கிடைக்கிறது.

ஆங்கில வீட்டு பீரைப் பற்றி இத்துணை விரிவாக எஞ்சியுள்ள பழைய குறிப்புகள் மிகச் சில. எனினும், இதைக் கையில் வைத்துக்கொண்டு இன்று ஒருவர் அடுப்பு மூட்டினால் பாதி வழியிலேயே திகைத்து நிற்பார். கொதித்த நீர் தானியத்தில் விழும்போது எவ்வளவு சூடாக இருந்தது? எந்த ஈஸ்ட் அதை நொதிக்கச் செய்தது? மால்ட்டைக் காயவைத்தது எந்த விறகு? ஹாரிசன் சொல்லவில்லை. பார்த்தவர் அவர்; செய்தவர் அவர் மனைவி. செய்தவருக்குத் தெரிந்தது பார்த்தவரின் பேனாவுக்கு முழுதும் எட்டவில்லை.

பழைய பிரிட்டிஷ் பீர்களை வீட்டில் மீண்டும் காய்ச்சிப் பார்க்கும் முயற்சி இந்த இடைவெளியில்தான் பிறந்தது. எழுத்தில் எஞ்சியதற்கும் கையில் இருந்ததற்கும் நடுவே உள்ள தொலைவை அடுப்பங்கரையில் அளக்கும் வேலை அது. குடிப்பழக்கத்தின் வரலாறாக மட்டும் அதைக் காண்பவர்கள் பெரும்பகுதியைத் தவறவிடுவார்கள். உரை இல்லாத மூலத்தைக் கையில் வைத்திருப்பவனின் சங்கடம் எத்தகையது என்பது இலக்கிய அன்பர்களுக்குப் புதிதல்லவே.

மால்ட் என்பது நீரில் ஊறவைத்து முளைகட்டி, முளை நீளுமுன் வெப்பத்தில் காயவைத்த வாற்கோதுமை. முளைக்கும் தானியம் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் ஆற்றலைப் பெறுகிறது. ஏற்ற சூட்டில் நீர் சேர்ந்ததும் அவ்வாற்றல் வேலை செய்யத் தொடங்கும். முளைத்த நெல்லை இடித்துக் கூழிற் கலந்து சாடியில் விளையவைக்கும் பெரும்பாணாற்றுப்படை வலைஞரின் முறையும் இதே இயற்கை விதியைச் சார்ந்ததே. நீரின் சூடு மிகுந்தால் அவ்வாற்றல் அழியும். குறைந்தால் சாறு இனிப்பேறாது. ஆகவே ஹாரிசனின் மௌனம் சிறிய மௌனம் அன்று.

அவருக்கு முந்திய காலத்தைப் பற்றிய மௌனம் இன்னும் ஆழமானது. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஊர்ப்புறங்களில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஏல் என்பது அந்நாளில் ஹாப்ஸ் சேராத பானம். சில நாட்களில் புளித்துவிடும். தொலைவுக்குக் கொண்டுசெல்ல இயலாது. வீட்டுக்குக் காய்ச்சியதில் மீந்ததை அண்டை வீட்டாருக்கு விற்பதே வழக்கம். 1266-67 வாக்கில் ஏற்பட்ட ரொட்டி-ஏல் சட்டம் தானிய விலைக்கேற்ப ஏலின் விலையை வரையறுத்தது. அதை மீறியவர்களுக்கு ஊர் நீதிமன்றத்தில் அபராதம். நாளடைவில் அந்த அபராதம் ஏறத்தாழ உரிமக் கட்டணமாகவே வசூலிக்கப்பட்டது. ஜூடித் பென்னட் என்னும் வரலாற்றாசிரியர் அந்த நீதிமன்றச் சுருள்களைப் படித்து, 1996-இல் வெளிவந்த தம் நூலில் இப்பெண்களின் வாழ்வை மீட்டெடுத்தார். ஆயிரக்கணக்கான பெயர்கள், ஆயிரக்கணக்கான அபராதங்கள். செய்முறையை நாடினால் அச்சுருள்கள் வாய் திறப்பதில்லை. தண்டம் கட்டியவர்களாக மட்டுமே அப்பெண்கள் ஏட்டில் ஏறினர். அவர்கள் காய்ச்சியது என்ன சுவை என்று எழுதிவைக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை.

ஹாப்ஸ் கண்டத்துக் கரையிலிருந்து, குறிப்பாக நெதர்லாந்துப் பகுதியிலிருந்து வந்தது. அதன் கசப்பு பானத்தைக் கெடாமல் காத்தது. கெடாத பானத்தைப் பெருமளவில் காய்ச்சலாம், சேமிக்கலாம், கப்பலேற்றலாம். அதற்குப் பெரிய கொப்பரையும் முதலும் கடனும் வேண்டும். இவை பெண்களுக்கு எளிதில் கிட்டாதவை. 1600-க்குள் விற்பனைத் தொழில் பெரும்பாலும் ஆண்களின் கைக்குப் போய்விட்டது என்கிறார் பென்னட். ஹாரிசன் வீட்டு அம்மையார் விற்பனைக்கு அன்றி வீட்டுக்குக் காய்ச்சியவர்; ஆகவே தப்பினார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பீர் லண்டனின் மாபெரும் தொழிலாயிற்று. போர்ட்டர் என்னும் கருநிற பீர் அதன் அரசன். பெரிய ஆலைகள் ஆயிரக்கணக்கான பீப்பாய் கொள்ளும் தொட்டிகளில் அதை மாதக்கணக்கில் முதிரவைத்தன. 1814 அக்டோபர் 17-இல் மியூ ஆலையின் தொட்டி ஒன்று வெடித்து, அருகிலிருந்த எளியோர் குடியிருப்பில் வெள்ளம்போல் பாய்ந்ததில் எட்டுப் பேர் மாண்டனர் என்பதே அத்தொட்டிகளின் பருமனுக்குச் சான்று. இவ்வளவு பெரிய முதலீட்டில் கைப்பழக்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. மைக்கேல் கோம்ப்ரூன் 1762-இல் வெளியிட்ட நூல் வெப்பமானியைக் காய்ச்சுவோரின் கருவியாக்கியது. ஜேம்ஸ் பேவர்ஸ்டாக் என்பவர் சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரைக் கொண்டு சோதனைகள் செய்து, அதை எடுத்துக்கொண்டு சாமுவேல் விட்பிரெட்டிடம் சென்றார். விட்பிரெட் அந்நாளின் பெரும் ஆலை அதிபர்களில் ஒருவர். இளைஞனே, ஊருக்குப் போய் வேலையைப் பார் என்ற பொருளில் அவர் அறிவுரை கூறி அனுப்பிவிட்டாராம். சதர்க்கில் இருந்த ஆங்கர் ஆலையின் ஹென்றி த்ரேல் செவிசாய்த்தார்.

இந்தத் த்ரேல், அகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் நண்பர். 1781-இல் அவர் மறைந்தபோது உயிலை நிறைவேற்றும் பொறுப்பு ஜான்சனுக்கும் வந்தது. சொற்களை எடைபோட்ட கை சில வாரங்கள் மால்ட் கணக்கையும் பார்த்தது. ஆலை 1,35,000 பவுனுக்கு விலைபோய், பார்க்ளே பெர்கின்ஸ் என்னும் பெயரில் தொடர்ந்தது. அந்நிறுவனத்தின் குறிப்பேடுகளும் விட்பிரெட், ட்ரூமன் ஆலைகளின் குறிப்பேடுகளும் இன்று லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பழைய பீரைத் தேடுவோருக்கு அவையே மூலச் சுவடிகள்.

அக்குறிப்பேடுகளை முதன்முறை திறப்பவர் ஏமாற்றமடைவார். வருணனை ஒரு சொல்கூட இல்லை. தேதி, எத்தனையாவது காய்ச்சல், எந்த மால்ட் எத்தனை குவார்ட்டர், எந்த வட்டாரத்து ஹாப்ஸ் எத்தனை ராத்தல், ஒவ்வொரு நீரின் சூடும் ஃபாரன்ஹீட்டில், கொதித்த நேரம், தேறிய பீப்பாய்கள், சாற்றின் அடர்த்தி. பீரின் பெயர்கூடச் சுருக்கெழுத்துத்தான். எக்ஸ் என்னும் எழுத்து ஒன்றா, இரண்டா, மூன்றா என்பது வலிமையைக் காட்டும். கே என்பது நெடுநாள் வைத்துக் குடிப்பதற்கான வகை. எழுதியவர் ரசிகர் அல்லர். முதலாளிக்குக் கணக்கு ஒப்பிக்கவேண்டியவர். 1880-க்குப் பின் வரி அதிகாரிக்கும் ஒப்பிக்கவேண்டியவர். ஆனால் ரசிகர் எழுதாமல் விட்டதையெல்லாம் இவர் எழுதினார். வருணனைகள் காலத்தோடு பொருள் மாறும். 168 டிகிரி என்பது மாறாது.

ஆலைகள் இப்படி எழுத்திலும் எண்ணிலும் செழித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக் கொப்பரை அணைந்துகொண்டிருந்தது. 1697 முதல் மால்ட்டுக்கு வரி இருந்தது. விற்பனைக்கான பீருக்கு இருந்த தனி வரி வீட்டில் காய்ச்சுவோரைத் தொடவில்லை. மால்ட் வரியோ இருவரையும் பிடித்தது. பிரெஞ்சுப் போர்க்காலத்தில் அது மிக உயர்ந்தது. வில்லியம் காபெட் 1821-22-இல் எழுதிய 'குடிசைப் பொருளாதாரம்' நூலின் தொடக்கமே வீட்டு பீருக்கான வழக்காடல்தான். நாற்பதாண்டுகளுக்கு முன் தம் பக்கத்து உழவுத் தொழிலாளிகளில் பீர் காய்ச்சாதவர் அரிது. இப்போதோ காய்ச்சுபவரே அரிது என்று அவர் குமுறினார். மால்ட் வரியும் ஹாப்ஸ் வரியும் குறைந்த கூலியும் ஏழையின் கையிலிருந்த பானத்தைப் பிடுங்கிவிட்டன என்பது அவர் குற்றச்சாட்டு. அதன் இடத்தைப் பிடித்த தேநீரை அவர் திட்டும் பகுதி இன்றும் சுவையானது. உடலைக் கெடுத்து ஊரைக் கெடுக்கும் வெந்நீர் என்ற அளவுக்குப் போகிறார். தேநீர் விஷயத்தில் அவர் சொன்னது மிகை. வரி விஷயத்தில் அவர் சொன்னதை மறுப்பது கடினம்.

1880-இல் கிளாட்ஸ்டன் மால்ட் வரியை நீக்கினார். உழவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் வரி பீரின்மீது திரும்பியது. வீட்டில் காய்ச்சுவோரும் உரிமம் பெறவேண்டியவராயினர். அதன்பின் வந்த எண்பத்து மூன்று ஆண்டுகளில் வீட்டுப் பழக்கம் மூலைமுடுக்குகளில் மட்டுமே மூச்சுவிட்டது. தாய் மகளுக்குக் காட்டிக்கொடுத்த சங்கிலி பெரும்பாலான இடங்களில் அறுந்தது. 1963-இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங், விற்பனைக்கல்லாத வீட்டு பீருக்கு உரிமம் வேண்டாம் என்று அறிவித்தபோது, உரிமை மீண்டது, அறிவு மீளவில்லை. அவ்வாண்டே கையேடுகள் வெளிவரத் தொடங்கின. மருந்துக் கடைகளில்கூட டின்னில் அடைத்த மால்ட் கூழ் விற்பனைக்கு வந்தது. தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்தால் பீர் என்றது அதன் உறை. வந்தது மலிவான போதை. அதற்கு மேல் அதைப் புகழ்வதற்கில்லை.

1970-களில் மேற்கு லண்டனில் டர்டன் பார்க் பீர் வட்டம் என்ற சிறு குழு அமைந்தது. அவர்கள் வீட்டில் காய்ச்சுபவர்கள். கூடி ஒருவர் பீரை மற்றவர் சுவைத்து மதிப்பிடுபவர்கள். கடையில் கிடைக்கும் பீரைப் போலவே காய்ச்சுவதில் சலிப்புற்ற அவர்கள், கடையில் எங்கும் கிடைக்காத பீரைத் தேடி ஆவணக் காப்பகங்களுக்கும் ஆலைகளின் பழைய ஏடுகளுக்கும் சென்றனர். ஜான் ஹாரிசன் என்பவரும் வட்டத்தினரும் 1976-இல் வெளியிட்ட 'பழைய பிரிட்டிஷ் பீர்களும் அவற்றைச் செய்யும் முறையும்' என்னும் சிறு நூலே இத்துறைக்கு அடிக்கல். ராட்விண்டர் ஹாரிசனுக்கும் இவருக்கும் பெயரொற்றுமை தவிர உறவில்லை. பின்னர் வந்த பதிப்புகளில் செய்முறைகள் நூற்றைத் தாண்டின. எல்லாம் ஒரு கேலன் அளவுக்குச் சுருக்கப்பட்டவை. ஒரு கேலன் பீர் கெட்டுப்போனால் நட்டம் சிறிது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு நூற்றாண்டுகளைச் சோதித்துவிடலாம்.

சுருக்குவது எளிய கணக்காகத் தோன்றும். ஏட்டில் ஒரு குவார்ட்டர் மால்ட் நான்கு பீப்பாய் பீர் தந்தது என்று வைத்துக்கொள்வோம். குவார்ட்டர் என்றவுடன் நம் ஊரில் நினைவுக்கு வரும் குப்பி வேறு. இது எட்டு புஷல் கொண்ட தானிய அளவு. வெளிர் மால்ட்டாயின் ஏறத்தாழ 336 ராத்தல். நான்கு பீப்பாய் என்பது 144 கேலன். எனவே கேலனுக்கு இரண்டேகால் ராத்தலுக்குச் சற்று மேல். அடர்த்தியை ஆலைக்காரர்கள் பீப்பாய்க்கு இத்தனை ராத்தல் என்று எழுதுவர். ஒரு பீப்பாய் நீரின் எடை 360 ராத்தல். சாறு 380 ராத்தல் இருந்தால் மிகுதி இருபது. அதை இன்றைய அளவையில் எழுதினால் நீரின் 1000-க்கு எதிராகச் சாறு ஏறக்குறைய 1055.

இங்கேதான் முதற் பொறி. குவார்ட்டர் கொள்ளளவு, எடை அன்று. விறகு நெருப்பில் வறுபட்டுப் பொரிந்த பழுப்பு மால்ட் பொரியைப் போல் இலேசானது. அதே குவார்ட்டரில் அது பல ராத்தல் குறைவாகவே நிற்கும். இதை அறியாமல் வெளிர் மால்ட்டின் எடையைப் பழுப்புக்கும் போட்டுக் காய்ச்சியவர்களுக்குக் கிடைத்தது கரியைக் கரைத்த சுவை. இரண்டாம் பொறி கேலன். 1824-இல்தான் அது நாடு முழுதும் ஒன்றாயிற்று. லண்டனில் 1803 வரை ஏலுக்கு 32 கேலன் பீப்பாயும் பீருக்கு 36 கேலன் பீப்பாயும் தனித்தனியே வழங்கின. மூன்றாவது பொறி எல்லாவற்றினும் நுட்பமானது. ஒரே தானியத்தின்மீது இரண்டு மூன்று நீர் ஊற்றி, முதற் சாற்றில் வலிய பீரும் பிற்சாற்றில் எளிய பீரும் செய்வார்கள். அல்லது சாறுகளை வெவ்வேறு விகிதத்தில் கலந்து இரண்டு மூன்று பீர்களை ஒரே நாளில் எடுப்பார்கள். ஏட்டின் ஒரு பக்கம் ஒரு பீரின் செய்முறை என்று நினைத்தவர்கள் ஏமாந்தனர். இரட்டுற மொழிதல் கவிதைக்கு மட்டும் உரியதன்று போலும்.

பழுப்பு மால்ட்டும் அம்பர் மால்ட்டும் அந்நாளில் கடைகளில் எளிதில் கிட்டாதவை. வட்டத்தினர் வீட்டு அடுப்பிலேயே அவற்றைச் செய்தனர். வெளிர் மால்ட்டை அரை அங்குல உயரத்துக்குத் தட்டில் பரப்பி, இளஞ்சூட்டில் ஈரம் போக உலர்த்தி, பிறகு 300 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வறுப்பது. சில மணிகளை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்க்கவேண்டும். உள்மாவு வெளிறிய மஞ்சட் பழுப்பானால் அம்பர். சூட்டை 350-க்கு ஏற்றி, பொட்டலத் தாளின் நிறம் வரும்வரை தொடர்ந்தால் பழுப்பு. கணக்கேடு விட்டுச்சென்ற இடத்தில் இப்படிக் கண்ணும் மூக்கும் வேலைக்கு வந்தன. வறுத்த மால்ட்டைக் கொஞ்ச நாள் ஆறவிட்டுப் பயன்படுத்தினால் காரல் குறையும் என்பதும் ஏட்டில் இல்லாத பாடம்.

இவ்வாறு காய்ச்சிச் சுவைத்தபோது ஏற்கெனவே அச்சில் உலவிய கதைகள் பல ஆட்டங்கண்டன. மைல்ட் என்றால் எளிய, வலிமை குறைந்த பீர் என்பது இருபதாம் நூற்றாண்டுக் குடியரின் எண்ணம். ஏடுகளில் 1830-களின் மைல்ட் ஏல்கள் 1070-இலிருந்து தொடங்கி 1100 வரைகூடப் போகின்றன. மைல்ட் என்பதற்கு அன்று பொருள் இளமை; முதிரவைக்காமல் உடனே விற்பது என்பதே. ஸ்டவுட் என்பதும் நிறத்தைக் குறித்ததன்று, வலிமையைக் குறித்தது. வெளிர் ஸ்டவுட்டும் இருந்தது. வலிமை வீழ்ந்த வரலாறும் ஏட்டில் தெளிவாக உள்ளது. தானியத்தை ரொட்டிக்கு மிச்சப்படுத்த முதல் உலகப் போரின்போது அரசு விதித்த கட்டுப்பாடுகளால், 1914-இல் சராசரியாக 1052 அளவிலிருந்த அடர்த்தி 1918-இல் 1030 அளவுக்கு இறங்கியது. போருக்குப் பின் அது பழைய உயரத்துக்கு ஏறவேயில்லை. பாட்டன் குடித்ததும் பேரன் குடித்ததும் ஒரே பெயர், வேறு பானம்.

போர்ட்டரின் கதை இன்னும் வேடிக்கையானது. 1722-இல் ரால்ஃப் ஹார்வுட் என்பவர் ஷோர்டிச்சில் மூன்று பீர்களின் கலவைக்கு மாற்றாக அதைக் கண்டுபிடித்தார் என்று நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதின. அக்கதையை விரிவாகச் சொல்லும் எழுத்து 1802-இல் வந்த லண்டன் வழிகாட்டி ஒன்றில்தான் உள்ளது. எண்பது ஆண்டு பிந்தியது. 1760-இல் பழைய தொழிலாளி ஒருவர் பெயரில் அச்சான கடிதம் போர்ட்டரின் பிறப்பை விவரித்தும் ஹார்வுட்டைக் குறிப்பிடவில்லை. கண்டுபிடித்தவர் என்று ஒருவரைக் காட்டாவிட்டால் வாசகர் திருப்தியடைவதில்லை. எனவே ஒருவர் கிடைத்தார்.

உண்மையில் போர்ட்டரை மாற்றியவை கருவிகள். ஹைட்ரோமீட்டர் வந்ததும், மலிவென்று எண்ணப்பட்ட பழுப்பு மால்ட் தரும் சர்க்கரை வெளிர் மால்ட்டைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. ஆலைகள் வெளிர் மால்ட்டுக்குத் தாவின, பீர் வெளிறியது. கருமை தர எரித்த சர்க்கரை முதலியன புகுந்தன. 1816-இல் சட்டம் மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதையும் தடுத்தது. மறு ஆண்டே டேனியல் வீலர் காப்பிக்கொட்டைபோல் உருளையில் வறுத்த கறுப்பு மால்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு சிட்டிகைக் கறுப்பு போதும், குவியல் பழுப்பு வேண்டாம். ஏட்டிலிருந்து இதைப் படித்தறியலாம். ஆனால் வீலருக்கு முந்திய போர்ட்டரையும் பிந்தியதையும் அடுத்தடுத்த வாரங்களில் காய்ச்சி இரு கோப்பைகளில் வைத்துப் பார்த்தவர்களுக்கே, கருவியும் சட்டமும் சேர்ந்து நாக்கில் என்ன செய்தன என்பது விளங்கியது. ஒன்று வாட்டிய தானியத்தின் கனத்த மணம். மற்றது மெலிந்து, கருகற் கசப்பு ஏறியது.

இந்தியா பேல் ஏல் பற்றிய கதையில் சென்னைக்கும் பங்குண்டு. லண்டனின் கிழக்கே பௌ என்னுமிடத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் 1752-இல் ஆலை தொடங்கினார். அருகிலேயே பிளாக்வால் துறையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் நின்றன. கப்பல் தலைவர்கள் தம் சொந்த வாணிபமாகப் பீரை ஏற்றி வந்து சென்னை, பம்பாய், கல்கத்தாத் துறைகளில் விற்றனர். ஹாட்ஜ்சன் ஆலை அவர்களுக்கு நீண்ட கடன் தந்தது. அதன் வெற்றிக்கு முதற் காரணம் அதுவே. இந்தியப் பயணத்துக்கென்றே ஒரு புது பீரை அவர் கண்டுபிடித்தார் என்பது பிற்காலப் புனைவு. அக்டோபரில் காய்ச்சி ஓராண்டு இரண்டாண்டு வைத்துக் குடிக்கும், ஹாப்ஸ் மிகுந்த வலிய வெளிர் பீர் ஆங்கில நிலக்கிழார் வீடுகளில் முன்னரே இருந்தது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்த அந்த நான்கைந்து மாதக் கப்பற் பயணம், பாதாளறையில் ஆண்டுகள் செய்யும் வேலையை விரைந்து செய்தது. வேறு எந்த பீரும் பயணத்தைத் தாங்காது என்பதும் பொய். படைவீரர்களுக்காகப் போர்ட்டரும் கப்பல் கப்பலாக வந்தது. கோட்டைக்குள் அதிகாரியின் மேசையில் வெளிர் பீரும், படைவீரனின் கையில் கருநிற பீரும் இருந்தன. வெளிர் பீரின் பெயரே பின்னாளில் நிலைத்தது. 1822-இல் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் இந்த வாணிபத்தில் நுழைந்தார். ஜிப்சம் மிகுந்த அவ்வூர்க் கிணற்று நீரில் கசப்பு துல்லியமாக நின்றது. ஜி. எஸ். ஆம்சிங்க் என்பவர் 1868-இல் ஐம்பது காய்ச்சல்களை முழு விவரத்துடன் அச்சிட்ட நூலில் இவ்வகைச் செய்முறைகள் உள்ளன. வீட்டில் காய்ச்சுவோர் அவற்றை எடுத்துக்கொண்டு, குழாய் நீரில் ஜிப்சம் கலந்து பர்ட்டனைத் தம் சமையலறைக்கு வரவழைக்கின்றனர். காய்ச்சிய சில வாரங்களில் குடித்தால் அது வாய்வைக்க முடியாத கசப்பு. ஓராண்டு பொறுத்தவர்களே அதைப் புகழ்ந்தனர்.

மீளாதவையும் உண்டு. பழைய பீரின் முதிர்ச்சி மணத்துக்கு ஒரு பகுதிக் காரணம் மரத்தொட்டிகளில் குடியிருந்த ஒரு காட்டு ஈஸ்ட். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாவ்சன், ஆங்கில முதிர் பீர்களிலிருந்து அதைப் பிரித்து 1904-இல் அறிவித்தார். அவர் அதற்கு இட்ட பெயர் பிரெட்டனோமைசிஸ். பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள். அதைக் கண்டறிந்த தலைமுறையிலேயே பிரிட்டிஷ் ஆலைகள் முதிர்த்தும் பழக்கத்தைக் கைவிட்டுக்கொண்டிருந்தன. இன்று அந்த ஈஸ்ட்டைக் குப்பியில் வாங்கலாம். ஒரு குறிப்பிட்ட தொட்டியில் நூறாண்டு குடியிருந்த கூட்டத்தை வாங்க முடியாது. தன் வறுபாட்டுக்குப் பின்னும் சர்க்கரையாக்கும் ஆற்றலை இழக்காத பழைய பழுப்பு மால்ட்டும் அத்தகையதே. அடுப்பில் செய்தது நிறத்தைத் தருகிறது, ஆற்றலைத் தருவதில்லை. வெளிர் மால்ட்டைத் துணைக்குச் சேர்க்காமல் அதைக் கொண்டு முழுப் பழுப்புப் போர்ட்டர் செய்ய இயலாது.

வாற்கோதுமை மட்டும் எதிர்பாராமல் திரும்பி வந்தது. சஃபோக்கைச் சேர்ந்த ஜான் செவாலியர் என்ற குரு 1820-களில் தேர்ந்தெடுத்துப் பரப்பிய வகை, பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுதும் ஆங்கில பீரின் அடித்தளம். இருபதாம் நூற்றாண்டில் அது வயல்களிலிருந்து மறைந்து விதைக் களஞ்சியத்தில் சில பிடி விதையாக நின்றது. நாரிச்சிலுள்ள ஜான் இன்ஸ் மையத்தினர் 2010-களில் அதைப் பெருக்கி மால்ட்டாக்கினர். சிக்கனமான விளைச்சல், சாயும் தாள், ஆனால் பழைய ஏடுகளின் கணக்கோடு ஒத்துப்போகும் தானியம். பெரிய ஆலைகளும் இப்பக்கம் திரும்பின. ஃபுல்லர் ஆலை தன் 1891-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டுப் பக்கம் ஒன்றை 2010-இல் மீண்டும் காய்ச்சி விற்றது. விளம்பரம் ஆலைக்குப் போயிற்று. வழிகாட்டியவை அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கேலன் சாடிகளில் தொடங்கிய சோதனைகள்.

ஆலையின் ஏடுகள் உள்ள இடத்தில் இவ்வளவும் கைகூடிற்று. ஏடில்லாத வீட்டு பீருக்கு வரும்போது முயற்சி தயங்குகிறது. கெனெல்ம் டிக்பியின் பெயரால் 1669-இல் அச்சான சமையற் குறிப்புகளில் சேவலை வேகவைத்துச் சேர்க்கும் ஏல் ஒன்றுண்டு. அதைச் செய்து பார்த்தவர்கள் மறுமுறை செய்வதில்லை. ராட்விண்டர் அம்மையாரின் பீரையோ பலர் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கின்றனர். எண்கள் அவ்வளவும் உள்ளன. அந்த முதல் நீரின் சூடு ஒன்றுதான் இல்லை.

அதற்கு ஒரு வழியைக் காபெட் சொல்லிவைத்திருக்கிறார். நீர் 170 டிகிரிக்கு ஆறவேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் கொதித்த நீரைத் தொட்டியில் ஊற்றி, ஆவி அடங்கி, குனிந்து பார்த்தால் தம் முகம் தெளிவாகத் தெரியும்வரை காத்திருக்கட்டும் என்கிறார். காபெட் ஆண், இதை அவர் தாமே கண்டறிந்திருக்க வாய்ப்பில்லை. குடிசைப் பெண்களிடம் தலைமுறைகளாக இருந்த அளவை அவர் எழுத்தில் ஏற்றியிருக்க வேண்டும். வீட்டில் காய்ச்சுபவர் ஒருவர் அந்த அளவையைச் சோதிக்க விரும்பினால் பொழுதையும் பார்க்கவேண்டும். குளிர்ந்த காலையில் ஆவி அடர்ந்து நிற்கும். முகம் தெரியத் தாமதமாகும். அதற்குள் நீர் இன்னும் சற்று ஆறிவிடும். கோடையில் விரைவில் தெரியும். கையில் வெப்பமானி இருந்தாலும், தொட்டியின்மேல் குனிந்து, ஆவி விலகும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.